மாமியார் லென்ஸும் கொழுந்தியா லென்ஸும்

சேலத்து ஸ்டுடியோக்காரரே, அந்தப் படம் உம்முடையது இல்லை. நீர் திருடினீர்.

கொஞ்சம் மரியாதையாக எழுதுங்கள் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு வராது. உம் ஸ்டுடியோவின் பொன்விழா மலரை என் மருமகன் வாங்கி வந்து கொடுத்தான். அட்டையிலேயே அந்தப் படம். கொல்லிமலைப் பெண் ஒருத்தி வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகத்தைச் சுற்றி வெளிச்சம் பால் மாதிரி கரைந்து வழிகிறது. அடியில் உம்முடைய பேர். அந்தப் படத்தை எடுத்தவளை எனக்குத் தெரியும். எடுக்கும்போது அவள் முதுகுக்குப் பின்னால் நின்றவன் நான். அவள் உம் அண்ணன் பெண்டாட்டி. மலர் முழுக்கத் தேடினேன், அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நாங்கள் அவளை நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டோம். வெள்ளைக்காரன் காலம், ஜெர்மன்காரனோடு இரண்டாவது பெரிய சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷங்கள். கொல்லிமலையில் வாழவந்தி நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் சர்க்கார் வைத்த சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் அவள்தான் டாக்டர், அவள்தான் கம்பவுண்டர், பிரசவம் பார்ப்பதும் அவள்தான். நான் முள்ளுக்குறிச்சியிலிருந்து மலைக்குப் பொதிமாடு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏறும்போது உப்பு, துணி, மண்ணெண்ணெய். இறங்கும்போது மிளகு, பலாப்பழம். அப்போது ரோடு கிடையாது, மாட்டுத்தடம்தான். அவள் சாமான்களை ஏற்றிய முதல் நாளே எங்களுக்குச் சண்டை. ஒரு தகரப் பெட்டியை மட்டும் மாட்டில் ஏற்றக்கூடாது என்று இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"அதுல என்னங்க நர்ஸம்மா, நகையா?"

"மாமியாரு, கொழுந்தியா, சம்பந்தி, மூணு பேரும் உள்ளே இருக்கறாங்க. மாடு குலுக்குனா சண்டை போட்டுக்குவாங்க."

சரி, பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு மாட்டை ஓட்டினேன். பாதி மலையில் இளைப்பாறும்போது பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஜெர்மன் காமிரா. பக்கத்தில் பழைய சேலைத் துணியில் சுற்றிய மூன்று லென்ஸ்கள்.

அது அவள் புருஷனுடைய காமிரா. அவர் செத்த பிறகு நீர் ஸ்டுடியோவை எடுத்துக்கொண்டீர். முக்காலிமேல் நிற்கிற பெரிய காமிரா, மலையும் ஏரியும் வரைந்த திரைச்சீலை, செதுக்கு வேலை செய்த நாற்காலி எல்லாம் உமக்கு. இந்தக் குட்டிக் காமிராவை மட்டும் விளையாட்டுச் சாமான் என்று சொல்லி அவளிடம் விட்டீர். உம் ஆயுசில் நீர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதையும் தெரியாமல் செய்தீர்.

லென்ஸுக்குப் பேர் வைத்தவர் அவள் புருஷன். மாமியார் என்ற லென்ஸ் எதையும் விடாது. மூக்கோரத்து மரு, வேட்டியில் காய்ந்த சாணி, பல்லிடுக்கு, எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லிவிடும். "எங்கம்மாவை நெனச்சுத்தான் அந்தப் பேரு வெச்சாரு. எங்கம்மாகிட்டயே சொல்லிட்டாரு. ஆறு மாசம் எங்கூட்டுப் பக்கம் தலை காட்ட முடியலை" என்று சொல்லிச் சிரிப்பாள். கொழுந்தியா என்ற லென்ஸ் வேறு மாதிரி. அதற்கு யாரைக் கண்டாலும் பிடிக்கும். வெயிலுக்கு நேராகத் திருப்பினால் வெளிச்சத்தை உள்ளே கொட்டிக் கலக்கி, முகத்தில் இருக்கிற மேடு பள்ளத்தையெல்லாம் பூசி மெழுகிக் காட்டும். சம்பந்தி நீளமாக இருக்கும். எட்ட நின்று மரியாதையாகப் பார்க்கும். கேழ்வரகுக் காட்டில் களையெடுக்கிற பெண்கள், கிட்டப் போனால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்கள். அவர்களுக்குச் சம்பந்திதான்.

இதில் ஒரு விஷயம் எல்லாருக்கும் புரிய வேண்டும். அந்தக் காமிராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே ஓரமாக ஒரு சின்ன ஜன்னல் உண்டு, அதில்தான் கண்ணை வைக்க வேண்டும். அதில் பார்த்தால் ஆள் இரண்டு உருவமாகத் தெரிவார். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று வந்து உட்காரும். உட்கார்ந்தால் படம் தெளிவாக விழும். மலைக்காரர்களுக்கு அதைக் காட்டுவது அவளுக்கு ஒரு வேடிக்கை. ஊர்க்கவுண்டர் ஒருவர் தன் பெண்டாட்டியை அதில் பார்த்துவிட்டு அலறினார்.

"ஐயோ சாமி! ரெண்டு பேரு இருக்கறாங்க! ஒருத்தியையே என்னால கட்டி மேய்க்க முடியலையே!"

"திருகுங்க, ஒண்ணாயிருவாங்க."

"வேண்டாஞ்சாமி, ஒண்ணானா ரெண்டு மடங்கு பலம் வந்துரும்."

மாமியாரை மாட்டினாலும் கொழுந்தியாவை மாட்டினாலும் அந்த ஜன்னலில் ஒரே மாதிரிதான் தெரியும். எது எப்படிக் காட்டும் என்பது படம் கழுவி வந்த பிறகுதான் தெரியும். அதனால் லென்ஸை முன்னாலேயே மனசுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். அவளுடைய பைத்தியம் முழுக்க அங்கேதான் இருந்தது.

அதை எப்படிச் சொல்வேன்! தடத்தில் பேசிக்கொண்டே நடப்பாள். திடீரென்று பேச்சு நிற்கும், கண் பெரிசாகும். எதிரே ஒரு பெரியவர் தலையில் பலாப்பழத்தோடு வருவார். மரத்துக்கு நடுவே புகுந்த வெயில் அவர் தோளில் விழுந்திருக்கும். "நில்லுங்க! அப்படியே நில்லுங்க! மூச்சு விடாதீங்க!" என்று கத்திக்கொண்டு மண்ணில் முட்டி போடுவாள். ஒரு கையில் மாமியார், இன்னொரு கையில் கொழுந்தியா. அவர் முகத்தைப் பார்ப்பாள், வலது கையைப் பார்ப்பாள், இடது கையைப் பார்ப்பாள். "இவரு நெத்தி மாமியாருக்கு. ஆனா சிரிப்பு கொழுந்தியாளுக்கு. ஐயோ, என்ன பண்ணுவேன்!" அதற்குள் பெரியவர், "சாமி, பழம் கனக்குது, நீ முடிவு பண்ணிட்டு ஊட்டுக்கு வா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். வெயிலும் போய்விடும். எனக்குக் கோபம் வரும்.

"ஏதோ ஒண்ணை மாட்டி எடுத்துத் தொலைச்சிருக்கலாமில்லீங்க?"

"போன படம் போனதுதான், பொதிக்காரண்ணா. தப்பான லென்ஸுல எடுத்தா அது பொய்ச்சாட்சி. அது போகாது. எனக்குப் பின்னாலயும் இருந்து பேசிட்டே இருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடுவாள். ஆமாம், ஓடுவாள். அந்த மலையில் ஓடின ஒரே உத்தியோகக்காரி அவள்தான்.

என்னையும் எடுத்தாள். நான் தலை சீவி, என் தம்பி கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். நேரம் வீணாக்காமல் உடனே மாமியாரை மாட்டினாள். படம் வந்தது. உடைந்த முன்பல், புகையிலைக் கறை, காதில் முளைத்த முடி, எல்லாம் இருந்தது.

"இது மூஞ்சியா, உழுதுபோட்ட காடா?" என்று கத்தினேன்.

"காடுதான். நல்லா வெளையற காடு. உங்களுக்குக் கொழுந்தியாவைப் போட்டா, நாளைக்கு உங்க மாடே உங்களை அடையாளம் தெரியாம முட்டும்."

ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். பிறகு அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினேன். இப்போதும் இருக்கிறது. அதில் இருக்கிறவன் நான்தான், வேறு யாரும் இல்லை.

காட்டிலாகா அதிகாரி ஒருவர் இருந்தார். விறகு பொறுக்குகிற பெண்களை நிற்க வைத்து வாய்க்கு வந்தபடி பேசுகிறவர். காமிரா இருப்பது தெரிந்து ஆஸ்பத்திரிக்கு வந்து, பூட்ஸ் காலைக் கல்மேல் வைத்து, மீசையை முறுக்கி, என்னை எடு என்றார். நர்ஸம்மா அவரைச் சுற்றிச் சுற்றி வந்து ரொம்ப நேரம் யோசித்தாள். தலையைத் திருப்பச் சொன்னாள், தாடையைத் தூக்கச் சொன்னாள். ஒன்றுக்கு நாலாக எடுத்தாள். அவர் போன பிறகு நான் காமிராவைப் பார்த்தேன். லென்ஸின் மூடியைக் கழற்றவே இல்லை. ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு என்பதால் மூடி இருந்தாலும் எடுப்பவருக்குத் தெரியாது. எதிரே நின்றவருக்கோ மூடி எது, லென்ஸ் எது என்றே தெரியாது.

"மறந்துட்டீங்களே நர்ஸம்மா!"

"மறக்கலை. மூணு பேரையும் கேட்டுப் பாத்தேன். ஒருத்தியும் ஒத்துக்கலை. அவருக்கு மூடிதான் பொருத்தம்."

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன், ஸ்டுடியோக்காரரே. நன்றாகப் படியும்.

ஆலத்தூர் நாட்டில் நல்லம்மா என்று ஒரு பெண். அம்மை வந்து பிழைத்தவள். முகம் முழுக்கத் தழும்பு, குழி குழியாக. அந்த வருஷம் மலையில் மறுபடி அம்மை இறங்கியது. நோய் கண்ட வீட்டுக்குள் யாரும் போகமாட்டார்கள், சொந்தத் தம்பியே வாசலில் கஞ்சியை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவான். நல்லம்மா போனாள். ஒரு தரம் வந்தவளுக்கு மறுபடி வராது என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் கொடுத்தாள், வேப்பிலை விசிறினாள், செத்தவர்களை எடுத்துப் போடவும் துணை நின்றாள். அம்மை எட்டாத வீடுகளுக்கு நர்ஸம்மா தடுப்பு ஊசியோடு போனால், முன்னால் நல்லம்மா நடந்தால்தான் கதவு திறக்கும். நர்ஸம்மாவுக்கு அவள்மேல் உயிர். அம்மை தணிந்ததும், "உங்களைப் படம் பிடிக்கறேனுங்க" என்று ஆஸ்பத்திரிப் பால்பவுடரும் வெல்லமும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

சித்திரை மாதம், உச்சிவெயில். நாங்கள் வீட்டுக்குள் நின்றோம். நல்லம்மா வாசல்படியில் எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வெயிலில் தகிக்கிற பாறைக்களம். அன்றைக்கு நர்ஸம்மா யோசிக்கவே இல்லை. நேராகக் கொழுந்தியாவை எடுத்து மாட்டினாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. எந்தப் பெண்ணுக்கு முகத்தில் குழி தெரிய வேண்டும்?

அப்போதெல்லாம் பிலிமை நான்தான் மலையிறக்கி, ராசிபுரத்தில் பஸ் ஏற்றி உமக்கு அனுப்புவேன். நீர் கழுவி, படம் போட்டு அனுப்புவீர். படம் வந்தது. ஊரே கூடிப் பார்த்து வாயைப் பிளந்தது. அம்மன் மாதிரி இருக்கிறாள் என்றார்கள். நல்லம்மா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது யாரு, கண்ணு?"

"நீங்கதானுங்க."

"நானில்லை. முத்து எங்கே?"

நல்லம்மா தன் கன்னத்துக் குழியைத் தொட்டுக் காட்டினாள்.

"அம்மன் வந்து எம்மூஞ்சில முத்துப் போட்டுட்டுப் போனா. அதைப் பாத்துட்டுத்தான் சீக்குக்காரி ஊட்டுல என்னை உள்ளே உடறாங்க. இவ செத்துப் பொழைச்சவ, இவ தொட்டா நாமளும் பொழைப்போம்னு உடறாங்க. நீ அதைத் தொடைச்சுப்போட்டியே சாமி. இந்த வழவழ மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் எந்த ஊட்டு வாசல்ல போய் நிப்பேன்?"

படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. அதுதான் நர்ஸம்மாவைச் சுட்டது.

திரும்பும் வழியில் அவள் நடக்கவில்லை, பறந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. பெரிய பலாமரத்தடியில் நின்று திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினாள். "பாவம் பாத்துட்டேன், பொதிக்காரண்ணா! அந்தம்மா மூஞ்சியைப் பாக்கலை, பாவம் பாத்தேன்! பாவம் பாத்து லென்ஸ் எடுத்தா இப்படித்தான் வரும். நான் பண்ணுனதும் பொய்ச்சாட்சிதான்!" கண்ணில் தண்ணீர், ஆனால் முகத்தில் ஒரு வெறி. "நாளைக்கே போறோம். மாமியாரைக் கூட்டிட்டுப் போறோம்."

போனோம். நல்லம்மா ஒத்துக்கொண்டாள், ஆனால் ஒன்று சொன்னாள். "எம்மூஞ்சி மறுக்கா மலை எறங்கக் கூடாது. எறங்குனா அங்கே என்னமோ பண்ணிப்போடறாங்க." அவள் உம்மைத்தான் சந்தேகப்பட்டாள், ஸ்டுடியோக்காரரே. ஆளைப் பார்க்காமலே!

அதனால் அந்தப் பிலிம் உம்மிடம் வரவில்லை. இந்தத் தடவை நர்ஸம்மா நல்லம்மாவைப் பாறைக்களத்தில் வெயிலுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, மாமியாரை மாட்டி, ஒரே ஒரு படம் எடுத்தாள். படம் கழுவுகிற மருந்தும் காகிதமும் வரவழைத்தாள். புருஷன் சொல்லிக் கொடுத்திருந்ததை நினைவுபடுத்தி, ஆஸ்பத்திரி மருந்து அறையை இருட்டாக்கிப் பிலிமைக் கழுவினாள். ஆனால் பிலிமில் படம் கட்டைவிரல் அளவுதான். காகிதத்தில் பெரிதாக்க விளக்கு வேண்டும். மலையில் கரண்டுக்கு எங்கே போவது? அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஜன்னல் பலகையில் ஓட்டை போட்டாள். காமிராவிலிருந்து மாமியாரைக் கழற்றி அந்த ஓட்டைக்கு உள்ளே நிறுத்தினாள், நடுவில் பிலிம். நான் வெளியே நின்று, முகம் பார்க்கிற கண்ணாடியில் வெயிலைப் பிடித்து ஓட்டைக்குள் அனுப்ப வேண்டும். எதிர்ச் சுவரில் ஆணியடித்த காகிதத்தில் நல்லம்மா விழுவாள்.

கண்ணாடியை ஒரு நிலையில் பிடிப்பதே பெரும்பாடு. மேகம் வேறு வந்து வந்து போனது. உள்ளேயிருந்து அவள் கத்தினாள்.

"வெயிலை உடாதீங்கண்ணா! ஆடாதீங்க!"

"மேகம் வருதுங்க நர்ஸம்மா!"

"போகச் சொல்லுங்க!"

"எங்கிட்டயா கேட்டுட்டு வருது!"

முதல் காகிதம் கறுத்துப் போனது. இரண்டாவது என் கை ஆட்டத்தில் கெட்டது. அப்புறம் இன்னொன்றை மாட்டி வெயில் காட்டினோம். ஓட்டையை மூடிவிட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டாள். லாந்தர் மேல் சிவப்புத் துணி போட்டிருந்தது. காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த நல்லம்மா பீங்கான் தட்டுக்கு மேல் குனிந்து நின்றாள். மருந்துத் தண்ணீருக்குள் வெள்ளைக் காகிதம். முதலில் தலைமுடி கறுத்தது. அப்புறம் கண். அதற்கப்புறம், கன்னத்தின் வெள்ளையில் ஒன்று, பக்கத்தில் ஒன்று, நெற்றியில் நாலைந்து.

"முத்து வருது!" என்று நல்லம்மா கத்தினாள். "அடி ஆத்தா, முத்து வருது! நாந்தான்! இது நாந்தான்!"

நர்ஸம்மா அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நான் ஆம்பிளை, என்ன செய்வது என்று தெரியாமல் லாந்தரைப் பிடித்துக்கொண்டு நின்று நானும் சிரித்தேன். அந்தச் சந்தோஷத்தை நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை.

அந்தப் படம் நல்லம்மா வீட்டில் அவள் பேரனிடம் இருக்கிறது. போன வாரம் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மலையிறக்கித் தர மாட்டேன் என்றான். சரி என்று வந்துவிட்டேன்.

கொழுந்தியா எடுத்த முதல் படத்தின் பிலிம்? அது உம் ஸ்டுடியோவிலேயே தங்கிவிட்டது. நர்ஸம்மா திருப்பிக் கேட்கவில்லை. "அது எனக்கு வேண்டாம், அங்கேயே கெடந்து தொலையட்டும்" என்றாள். அவள் வெட்கப்பட்டு ஒதுக்கிய ஒரே படம் அதுதான். அதைத்தான் நீர் எடுத்து அட்டையில் போட்டிருக்கிறீர். உம் சாதனை என்கிறீர்.

சண்டைக் காலத்தில் அவளை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அங்கேயே செத்துப்போனாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். பிள்ளை கிடையாது. கேட்க யாருமில்லை என்று நினைத்துவிட்டீர்.

மலரில் என்ன எழுதியிருக்கிறீர்? மார்கழி விடியலில் தன்னந்தனியாக மலையேறி, பனிமூட்டம் விலகுவதற்குள் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர். ஏனய்யா, எது பனி? அது பனி இல்லை. சித்திரை மாதத்து உச்சிவெயில், உம் அண்ணனுடைய கொழுந்தியா லென்ஸுக்குள் புகுந்து கலங்கின கலக்கம். லென்ஸ் காட்டிய குணத்தைப் பார்த்து வானிலை என்று நினைத்த ஆள் நீர் ஒருவர்தான். நீர் மலையேறியதே இல்லை. ஒரு தரம் அண்ணியைப் பார்க்க வந்து, முள்ளுக்குறிச்சி அடிவாரத்தில் என்னிடம் அட்டை கடிக்குமா என்று கேட்டீர். கடிக்கும் என்றேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனீர்.

உமக்குச் சேலத்தில் பாராட்டு விழா நடக்கப் போகிறதாம். நான் வருவேன். முன்வரிசையில் உட்காருவேன். மாலை போட்டு முடித்ததும் எழுந்து நிற்பேன். எந்த லென்ஸில் எடுத்தீர், ஏன் அந்த முகத்துக்கு அந்த லென்ஸ் என்று கேட்பேன். எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். அத்தனை பேர் முன்னால், மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லும். பதில் தெரியாவிட்டால் எடுத்தவளின் பேரையாவது சொல்லும். அவள் பேரை நான் இங்கே எழுதவில்லை. அது உம் வாயிலிருந்துதான் வர வேண்டும்.